'டிட் நாட் வென்ட்' எங்கிருந்து வருகிறது? டெல்டா மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரையும் அதற்குள் இருக்கும் தமிழும்

'ஹி டிட் நாட் வென்ட்.' 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்.' 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்.' 'வி டிஸ்கஸ்டு அபௌட் இட்.'

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று காவிரி டெல்டாவில் ஆங்கிலக் கட்டுரை நோட்டைத் திருத்தும் ஆசிரியர்களுக்கு இந்த வாக்கியங்கள் மனப்பாடம். மாணவர்கள் மாறுவார்கள், தலைப்பு மாறும், தப்பு மட்டும் மாறாது.

ஒருவரை ஒருவர் பார்த்து எழுதாத ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே தப்பைச் செய்தால், அதைக் கவனக்குறைவு என்று ஒதுக்க முடியாது. அதற்குப் பொதுவான காரணம் ஒன்று இருக்க வேண்டும். பல இடங்களில் அந்தக் காரணம், அவர்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கும் தமிழ். இதை எடுத்துச் சொல்லாமல் சிவப்பு மையில் வட்டம் மட்டும் போட்டால் மதிப்பெண் குறையும், தப்பு குறையாது. பத்து வருஷம் கழித்து அதே தப்பு ஆபீஸ் மெயிலில் வந்து நிற்கும்.

கும்பகோணத்தில் பறிபோன ஸ்காலர்ஷிப்

ஆங்கிலக் கட்டுரைக்கு இந்த ஊரில் ஒரு பழைய கதை உண்டு. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்த ஒரு மாணவர், 1904-இல் கணிதத்துக்கான பரிசோடு பள்ளியை முடித்தார். ஸ்காலர்ஷிப்புடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று பெயர் வாங்கிய கல்லூரி அது. அங்கே ஆங்கிலக் கட்டுரைத் தாளில் அவர் தேறவில்லை. ஸ்காலர்ஷிப் போனது. அடுத்து 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் அவரால் தேற முடியவில்லை. அவர் பெயர் சீனிவாச ராமானுஜன்.

முழுப் பழியையும் ஆங்கிலத்தின் மேல் போடுவது நியாயமாகாது. கணக்கைத் தவிர வேறு எதிலும் அவருக்கு மனம் ஓடவில்லை. மற்ற பாடங்களிலும் தோற்றார். ஆனால் அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். 1913 ஜனவரியில், சென்னைத் துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தபோது, கேம்பிரிட்ஜில் இருந்த கணித மேதை ஜி.எச். ஹார்டிக்கு அவர் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்களின் ஆங்கிலம் முழுக்க ராமானுஜனுடையதாக இருக்க முடியாது, யாராவது உதவியிருக்க வேண்டும் என்று ஹார்டியே பின்னாளில் எழுதினார்.

கல்லூரியில் ராமானுஜனின் ஆங்கிலத்துக்குக் கிடைத்தது மதிப்பெண் வெட்டு. ஹார்டிக்கு எழுதும்போது, ஹார்டி நினைத்தது சரியென்றால், கடிதம் தபாலில் சேருவதற்கு முன்பே ஒரு நண்பரின் உதவி கிடைத்தது. கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். திருத்தம் எப்போது வந்தது என்பதில்தான் வித்தியாசம்.

டெல்டாக்காரர்களுக்கு ஆங்கிலம் வராது என்று இதற்கு அர்த்தம் கிடையாது. 1780-களிலேயே ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் முயற்சியால் தஞ்சாவூரில் ஆங்கிலப் பள்ளி வந்துவிட்டது. 1869-இல் வலங்கைமானில் பிறந்து கும்பகோணத்தில் படித்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, ஆங்கிலப் பேச்சுக்காக 'வெள்ளி நாக்கு' என்று உலகம் முழுக்கப் பாராட்டப்பட்டவர். அதே மண், அதே காலத்துக் கல்வி. வராத மொழி என்று ஒன்று இல்லை.

சறுக்கல் வேறு, பிழை வேறு

பிரிட்டன் மொழியியல் அறிஞர் பிட் கார்டர் 1967-இல் எழுதிய ஒரு கட்டுரை, மாணவர்களின் பிழையைப் பார்க்கும் விதத்தையே மாற்றியது. தவறுகளை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, கைதவறி வரும் சறுக்கல். ஒரு வார்த்தையை இரண்டு தடவை எழுதிவிடுவது போல. திரும்பப் படித்தால் மாணவரே திருத்திக்கொள்வார். இன்னொன்று, விதி தெரியாமல் வரும் பிழை. 'டிட் நாட் வென்ட்' என்பதை எழுதியவர் பத்து தடவை படித்தாலும் அது சரியாகத்தான் தெரியும். ஏனென்றால் அவர் மனசுக்குள் ஒரு விதி இருக்கிறது: நேற்று நடந்தது என்றால் இறந்தகால வினை வர வேண்டும். விதி இருக்கிறது, அது ஆங்கிலத்தின் விதியாக இல்லை. அவ்வளவுதான்.

1972-இல் லாரி செலிங்கர் என்ற அமெரிக்க அறிஞர் இதற்கு 'இடைமொழி' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். கற்கிறவர் தாய்மொழியிலும் இல்லாமல், கற்கும் மொழியிலும் முழுசாக இல்லாமல், நடுவில் தனக்கென ஒரு இலக்கணத்தோடு இருக்கிறார் என்பது அவர் கருத்து. எல்லாப் பிழையும் தாய்மொழியிலிருந்து வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள்கூட 'வென்ட்' என்பதற்குப் பதில் 'கோடு' என்று சொல்லித்தான் வளர்கிறார்கள். ஆனால் நம் மாணவர்களின் கட்டுரைகளில் அடிக்கடி வருபவற்றை எடுத்துக்கொண்டால், பாதி வழியில் தமிழ் நின்றுகொண்டிருப்பது தெரியும்.

'ஒரு', 'ஓர்', 'அந்த'

'மை ஃபாதர் இஸ் ஃபார்மர்.' இதில் 'ஃபார்மர்' முன்னால் 'எ' இல்லை. காரணம், தமிழில் 'எங்க அப்பா விவசாயி' என்றால் வாக்கியம் முடிந்தது. 'ஒரு விவசாயி' என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனால் 'எ', 'தி' இரண்டும் செய்யும் வேலை தமிழனுக்குப் புதுசா என்றால், இல்லை. 'ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு...' என்றுதான் எல்லாப் பாட்டியும் கதை சொல்கிறார்கள். முதல் தடவை 'ஒரு', இரண்டாம் தடவை 'அந்த'. ஆங்கிலத்தில் முதல் தடவை 'எ', இரண்டாம் தடவை 'தி'. இதைச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதிக்கு வழக்கத்தைத்தான் பழக வேண்டும்: ஆற்றின் பெயருக்கு முன்னால் 'தி' வரும், ஊர்ப் பெயருக்கு வராது. 'தி காவேரி' சரி. 'தி தஞ்சாவூர்' தப்பு.

'எ'யா, 'ஆன்'ஆ என்ற கேள்விக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. தமிழில் 'ஓர் ஊர்', 'ஒரு வயல்' என்று எழுதுவதே மரபு. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஓர்', மற்றபடி 'ஒரு'. ஆங்கிலத்திலும் இதே விதி, அதே காரணம். சந்தேகம் வந்தால் அந்த ஆங்கிலச் சொல்லை உச்சரிப்பது போலவே தமிழ் எழுத்தில் எழுதிப் பார்க்கலாம். 'யூனிவர்சிட்டி' என்பது 'யூ'வில் தொடங்குகிறது, அதனால் 'எ'. 'எம்.எல்.ஏ.' என்பது 'எ'வில் தொடங்குகிறது, அதனால் 'ஆன்'. மணியைக் குறிக்கும் சொல்லில் முதல் எழுத்து 'எச்' என்றாலும் வாயில் வருவது 'அவர்', அதனால் 'ஆன்'. ஸ்பெல்லிங்கைப் பார்க்காமல் ஓசையைக் கேட்டால் போதும்.

பத்து மாடு, ரெண்டு மூட்டை

'பத்து மாடு', 'ரெண்டு மூட்டை நெல்', 'மூணு தென்னை மரம்.' எண் வந்துவிட்டால் பேச்சுத் தமிழில் 'கள்' தேவைப்படுவதில்லை. பத்து என்று சொன்ன பிறகு எதற்குப் பன்மை? ரொம்ப சிக்கனமான ஏற்பாடு. ஆனால் இந்தச் சிக்கனத்தை ஆங்கிலம் ஒத்துக்கொள்ளாது. 'டென் கவ்', 'டூ பேக்' என்ற பிழைகள் இங்கிருந்து வருகின்றன.

'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்பதும் இதே குடும்பம்தான். 'என் ஃப்ரெண்டு ஒருத்தன்' என்ற பேச்சு வழக்கு அதற்குள் இருக்கிறது. 'என் நண்பர்களில் ஒருவர்' என்ற எழுத்துத் தமிழை நினைத்துக்கொண்டால் 'கள்' இருப்பது தெரியும். 'ஃப்ரெண்ட்ஸ்' தானாக வரும். 'தி கவ்ஸ் வாஸ்' என்று எழுதும் பிள்ளைக்கும் இதையே சொல்லலாம். 'மாடெல்லாம் வந்துச்சு' என்ற பேச்சு அங்கே ஒருமை வினையைக் கொண்டுவந்து வைக்கிறது. 'மாடுகள் வந்தன' என்றால் 'வேர்' வரும்.

பன்மையே ஏற்காத ஆங்கிலச் சொற்களும் உண்டு. 'வாட்டர்ஸ்', 'ரைசஸ்' என்று எழுதும் மாணவர் அபூர்வம். தமிழிலும் 'தண்ணீர்கள்', 'அரிசிகள்' என்று யாரும் பேசுவதில்லை. ஆனால் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்' இரண்டும் தாராளமாக வரும். தமிழில் 'தகவல்கள்', 'அறிவுரைகள்' காதுக்குச் சரியாக இருப்பதே காரணம். தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போகும் இடத்தில் பிழை வருவதில்லை, பிரியும் இடத்தில் வருகிறது. பாடம் நடத்த வேண்டிய இடம் அந்தப் பிரிவு.

ஒரே 'இல்', மூன்று வேலை

வயலில், பஸ்ஸில், மேஜையில், ஜூன் மாதத்தில், 12-ஆம் தேதியில். தமிழுக்கு ஒரே 'இல்' போதும். ஆங்கிலத்தில் 'இன்', 'ஆன்', 'அட்' என்று மூன்றாகப் பிரிகிறது.

டெல்டா மாணவருக்கு ஒரு வாக்கியத்திலேயே இதைப் புரியவைக்கலாம். மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. 'ஜூன் மாதத்தில்' என்றால் 'இன்'. '12-ஆம் தேதியில்' என்றால் 'ஆன்'. 'காலை 10 மணிக்கு' என்றால் 'அட்'. காலம் பெரிசிலிருந்து சின்னதாகச் சுருங்கச் சுருங்க 'இன்', 'ஆன்', 'அட்' என்று வரிசை மாறுகிறது.

மற்ற உருபுகளும் இப்படியே ஆங்கிலத்துக்குள் நுழையும். 'அவன் மேல கோபம்' என்பது 'ஆங்ரி ஆன் ஹிம்' ஆகிறது. வர வேண்டியது 'வித்'. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதிலுள்ள 'பற்றி'தான் 'டிஸ்கஸ்' பின்னால் 'அபௌட்' என்று ஒட்டிக்கொள்கிறது. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' அடங்கிவிட்டது என்று ஒரு தடவை விளக்கினால் பிறகு மறக்காது.

'போகவில்லை' தெரிந்தவருக்கு 'டிட் நாட் கோ' தெரியும்

இனி தலைப்பில் இருக்கும் பிழைக்கு வரலாம். 'நேற்று போகவில்லை' என்ற தமிழ்ச் சொல்லைப் பிரித்தால் 'போக' + 'இல்லை'. இதில் 'போக' என்பதில் காலம் இல்லை. 'நேற்று போனவில்லை' என்று தமிழ் பேசும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆங்கிலத்திலும் அப்படியே. 'டிட் நாட்' என்பதிலேயே காலம் வந்துவிட்டது. பின்னால் வரும் 'கோ', நம்முடைய 'போக' மாதிரி வெறும் வினை. 'டிட் நாட் வென்ட்' என்பது 'போனவில்லை' என்று சொல்வதற்குச் சமம். இந்த ஒரு ஒப்பீட்டை ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம். சொல்லாமல் விட்டால் 'வென்ட்' மேல் எத்தனை வட்டம் போட்டாலும் மாணவருக்குக் காரணம் தெரியாது.

காலம் காட்டுவதிலும் தமிழ் உதவும். 'ஐ ஆம் ஸ்டடியிங் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதுபவர் தமிழில் இரண்டு வடிவத்தைத் தெளிவாகப் பிரித்தே பேசுகிறார்: '2019-லேருந்து', 'அஞ்சு வருஷமா'. 'லேருந்து' வரும் இடத்தில் 'சின்ஸ்'. 'வருஷமா', 'மாசமா' என்று வரும் இடத்தில் 'ஃபார்'. கூடவே, முன்பு தொடங்கி இன்னும் நடக்கிற வேலைக்கு 'ஹேவ் பீன்' தேவை என்பதை மட்டும் தனியாகக் கற்க வேண்டும்.

'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் லைக்கிங்', 'ஐ ஆம் வாண்டிங்' மூன்றுக்கும் ஒரு குறுக்கு வழி உண்டு. இவற்றுக்கான தமிழ் 'தெரியும்', 'பிடிக்கும்', 'வேண்டும்'. மூன்றும் 'உம்'மில் முடிகின்றன, 'கிற' வருவதில்லை. அங்கே ஆங்கிலத்திலும் 'இங்' வராது. இந்தக் குறிப்பில் சிக்காமல் தப்பிப்பது 'இருக்கு'. 'எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க' என்பதே 'ஐ ஆம் ஹேவிங்' ஆகிவிடுகிறது. தம்பி, வீடு, நிலம் எதுவானாலும் உடைமை என்றால் வெறும் 'ஹேவ்' போதும்.

'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி' என்ற பிழைக்கோ தமிழைக் குற்றம் சொல்லவே முடியாது. 'அவன் எங்க இருக்கான்னு தெரியல' என்பதில் 'எங்க'வுக்குப் பிறகு 'இருக்கான்' வருகிறது. ஆங்கிலத்திலும் அதே வரிசைதான்: 'வேர் ஹி இஸ்'. நேரடிக் கேள்வியின் வரிசையை மனப்பாடம் செய்த பழக்கம்தான் இங்கே இடையில் நுழைகிறது.

ஸ்பெல்லிங்: காதை நம்பினால் வரும் சிக்கல்

தமிழில் எழுதியதை அப்படியே வாசிக்கலாம்; கேட்டதைப் பெரும்பாலும் அப்படியே எழுதலாம். இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வரும் பிள்ளை காதை நம்புகிறது. 'ரிசீட்' என்ற சொல்லில் 'பி' எங்கே கேட்கிறது? 'கவர்ன்மென்ட்' என்பதில் நடுவில் வரும் 'என்' எத்தனை பேர் வாயில் வருகிறது?

அந்த எழுத்துகளுக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. முழங்காலைக் குறிக்கும் 'நீ' என்ற சொல்லில் இப்போது ஊமையாக நிற்கும் 'கே' ஒரு காலத்தில் உச்சரிக்கப்பட்டது. உச்சரிப்பு மாறியது, எழுத்து அப்படியே தங்கிவிட்டது. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லின் 'பி'யும் ரசீதின் 'பி'யும் லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் படித்தவர்கள் இடையில் சேர்த்தவை. அதாவது பிள்ளையின் காது சரியாகத்தான் கேட்கிறது. எழுத்துக்கும் ஓசைக்கும் உறவு அறுந்து பல நூற்றாண்டு ஆகிவிட்டது.

அதனால் ஸ்பெல்லிங்கைத் தாய்ச்சொல்லோடு சேர்த்துப் படிப்பது பலன் தரும். 'கவர்ன்' என்ற வினையின் கடைசி எழுத்து 'என்', அதனால் 'கவர்ன்மென்ட்'டிலும் 'என்' உண்டு. 'டெஃபினிட்லி'க்குள் 'ஃபைனைட்' முழுசாக இருக்கிறது. டெல்டா பற்றிய கட்டுரையில் தவிர்க்க முடியாத 'இரிகேஷன்' என்ற சொல்லில் 'ஆர்' இரண்டு, 'ஜி' ஒன்றுதான். 'அகாமடேஷன்' என்பதில் 'சி' இரண்டு, 'எம்' இரண்டு.

போன் திருத்தித் தராத பிழைகளும் இருக்கின்றன. 'அங்கே' என்று பொருள்படும் 'தேர்', 'அவர்களுடைய' என்று பொருள்படும் 'தேர்' இரண்டுமே சரியான ஸ்பெல்லிங் கொண்ட சொற்கள் என்பதால் சிவப்புக் கோடு வராமலே போய்விடும். இடத்தைக் குறிக்கும் 'தேர்' உள்ளே 'இங்கே' என்று பொருள்படும் 'ஹியர்' இருக்கும். இப்படி நினைவு வைக்கலாம். 'இட்ஸ்' என்பதில் மேலே காற்புள்ளி போட்டால் 'இட் இஸ்' என்று விரித்துப் படித்துப் பார்க்க வேண்டும். பொருந்தவில்லை என்றால் புள்ளி வேண்டாம்.

ஸ்பெல்லிங் தடுமாற்றம் ஒருவழிப் பாதையும் இல்லை. ஐரோப்பியர் வாயில் தஞ்சாவூர் 'டேஞ்சூர்' ஆனது, கொள்ளிடம் 'கோல்ரூன்' ஆனது, தரங்கம்பாடி 'டிராங்க்கிபார்' ஆனது, சோழமண்டலம் 'கோரமண்டல்' ஆனது. இவற்றையெல்லாம் யாரும் வட்டம் போட்டுத் திருத்தவில்லை; வரைபடத்தில் அச்சடித்தார்கள். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிட்டது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் வந்த புது ஸ்பெல்லிங் பெரிய விவாதமாகி, சில நாளிலேயே அரசாணை திரும்பப் பெறப்பட்டது. ஒரு ஓசையை இன்னொரு மொழியின் எழுத்தில் பிடிப்பது அரசாங்கத்துக்கே சிரமமாக இருந்த வேலை. எட்டாம் வகுப்புப் பிள்ளை தடுமாறினால் ஆச்சரியம் இல்லை.

எல்லாமே தப்பா?

'ப்ரீபோன்' என்ற சொல்லை ஒரு காலத்தில் தப்பு என்று அடித்தார்கள். இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இந்திய ஆங்கிலம் என்ற குறிப்போடு அது இருக்கிறது. 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' இந்தியா முழுக்கப் புரியும். ஆனால் 'ஐ பாஸ்டு அவுட் இன் 2022' என்று வெளிநாட்டு கிளையன்டிடம் சொன்னால், மயக்கம் போட்டு விழுந்ததாக அவர் நினைக்கக்கூடும். 'டுடே இட்செல்ஃப்', 'நவ் ஒன்லி' ஆகியவை 'இன்னைக்கே', 'இப்பத்தான்' என்பவற்றின் நேர்ப்பிரதி. பேச்சில் யாருக்கும் குறை வராது. வேலைக்கான விண்ணப்பத்தில் தவிர்ப்பது நல்லது. இவற்றைப் பிழை என்று சொல்வதைவிட, எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று சொல்லித் தருவது நேர்மையானது.

இதில் வெட்கம் என்ற விஷயமும் கலந்திருக்கிறது. 'பள்ளிக்கு சென்றேன்' என்று ஒற்று விட்டு எழுதினால் யாரும் சிரிப்பதில்லை. தமிழ்நாட்டுப் பெயர்ப் பலகைகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருக்கும். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு 'எஸ்' விட்டுப்போனால் எழுதியவரின் படிப்பு, ஊர், குடும்பம் எல்லாவற்றையும் எடைபோடுகிறார்கள். அந்தப் பயத்தில்தான் பல மாணவர்கள் சொந்தமாக எழுதுவதையே விட்டுவிடுகிறார்கள். கைடு புத்தகக் கட்டுரையை மனப்பாடம் செய்து எழுதினால் பிழை வராது, மதிப்பெண்ணும் வந்துவிடும். கல்லூரி முடித்து, மனப்பாடம் உதவாத முதல் இன்டர்வியூவில்தான் இதன் விலை தெரியும். பிழையோடு எழுதியவரைத் திருத்த முடியும். எழுதாமலே இருந்தவரிடம் திருத்த எதுவும் இல்லை.

சிவப்பு மையை என்ன செய்யலாம்?

மொழி கற்பிப்பவர்களிடையே இது பழைய சண்டை. கட்டுரையில் இலக்கணப் பிழை திருத்துவதால் பயனே இல்லை, விட்டுவிடலாம் என்று 1996-இல் ஜான் டிரஸ்காட் வாதிட்டார். தேர்ந்தெடுத்து, தெளிவாகத் திருத்தினால் பயன் உண்டு என்று 1999-இல் டேனா ஃபெர்ரிஸ் பதில் எழுதினார். விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் ஒரு பக்கத்தில் முப்பது வட்டம் போடுவதால் மாணவர் கற்பது குறைவு என்பதை வகுப்பறையில் இருப்பவர்கள் நன்றாகவே அறிவார்கள்.

மாற்று வழி செலவு பிடிக்காதது. ஒன்று, வாரத்துக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் எடுப்பது. இந்த வாரம் 'டிட் நாட்' என்றால் அதை மட்டும் திருத்தி, மற்றதை விட்டுவிடலாம். வகுப்பில் அறுபது பேர் இருந்தாலும் இது சாத்தியம். பிழை பொதுவானது என்பதால் ஒரே விளக்கம் எல்லோருக்கும் போதும். இரண்டு, பொருளைக் குழப்பும் பிழைக்கு முதலிடம். காலம் மாறினால் அர்த்தமே மாறும். 'எ' விட்டுப்போனால் அர்த்தம் தப்பித்துவிடும். மூன்று, முதல் வரைவுக்கு மதிப்பெண் போடாமல் குறிப்பு மட்டும் எழுதுவது. திருத்தி எழுதிய இரண்டாம் வரைவுக்கே மதிப்பெண்.

தலைப்பையும் மாற்றலாம். ஊட்டியைப் பார்க்காத பிள்ளையை மலைவாசஸ்தலப் பயணம் பற்றி எழுதச் சொன்னால் கைடைத் தேடும். குறுவைக்கும் சம்பாவுக்கும் என்ன வித்தியாசம், கொள்முதல் நிலையத்தில் நெல் நனைந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று கேட்டால் எழுதுவதற்கு விஷயம் இருக்கும். நாம் நெல், அரிசி, சோறு என்று மூன்றாகப் பிரிப்பதில் அரிசியும் சோறும் ஆங்கிலத்தில் ஒரே 'ரைஸ்'தான், நெல்லுக்கு மட்டும் மலாய் மொழியிலிருந்து வந்த 'பேடி' தனியாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும்போது சொல் மனசில் நிற்கும்.

இதற்கு ஒரு எதிர்ப்பு வரும்: ஆங்கில வகுப்பில் தமிழ் எதற்கு? பேச்சுப் பயிற்சிக்கு ஆங்கிலமே நல்லது, சந்தேகமில்லை. ஆனால் பிழைக்குக் காரணம் தமிழில் இருக்கும்போது அதைத் தமிழில் காட்டுவதே சுருக்கமான வழி. தமிழைக் கதவுக்கு வெளியே நிறுத்தினாலும் அது மாணவரின் மூளைக்குள் உட்கார்ந்துதான் இருக்கும். வெளிப்படையாக வரவிட்டால் குறைந்தபட்சம் வேலை வாங்கலாம்.

வேலைக்குப் போய்விட்டவர்களுக்கு

பள்ளியைத் தாண்டியவர்களும் இதைத் தனியாகச் செய்துகொள்ளலாம். மெயில் அனுப்பும் முன் ஐந்து இடத்தைப் பார்த்தால் போதும். 'டிட்' பின்னால் வெறும் வினை இருக்கிறதா? எண்ணுக்குப் பின்னால் 'எஸ்' இருக்கிறதா? 'தெரியும், பிடிக்கும், வேண்டும்' வரும் இடத்தில் 'இங்' நுழைந்துவிட்டதா? 'டிஸ்கஸ்' பின்னால் 'அபௌட்' ஒட்டியிருக்கிறதா? 'சின்ஸ்' வந்தால் பின்னால் தேதி இருக்கிறதா, கால அளவு இருக்கிறதா? திருத்தித் தரும் செயலிகள் இவற்றில் பலவற்றை மாற்றிக் கொடுக்கும். ஆனால் ஏன் மாற்றியது என்று தெரியாதவரை, மீட்டிங்கில் வாய் திறக்கும்போது பழைய வாக்கியமே வரும்.

தமிழ் ஆசிரியர் 'போகவில்லை' என்பதைப் பிரித்துக் காட்டும் அதே வாரத்தில் ஆங்கில ஆசிரியர் 'டிட் நாட் கோ' நடத்தினால், இரண்டு பாடமும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். இதற்குப் புதுப் பாடத்திட்டமோ பயிற்சி முகாமோ தேவையில்லை. பெரும்பாலான பள்ளிகளில் இருவரும் ஒரே ஸ்டாஃப் ரூமில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.